ஸ்கவுட்டை தோட்டத்துக்குக் கொண்டு போன கதை

இந்தக் காலத்து புள்ளைங்களுக்கு ஸ்கவுட்ல ஆசை இல்ல, எல்லாம் போனைப் புடிச்சிக்கிட்டு உக்காந்துருதுங்கன்னு நம்ம மலைநாட்டுல ஸ்கவுட் நடத்துற நிறைய பேர் சொல்றாங்க. நான் இதை ஒத்துக்க மாட்டேன். ஹட்டன் பக்கம் ஒரு துருப்பு, அதாவது சின்னச் சின்ன அணிங்க சேந்த ஸ்கவுட் கூட்டம், கொஞ்சம் கொஞ்சமா தேஞ்சு, கடைசியில வராந்தாவுல ஒரு அணி அளவுக்குக் கூட புள்ளைங்க நிக்காம போனத பக்கத்துல இருந்து பாத்தவன், அது திரும்ப நிமிந்து வந்ததுலயும் கூட இருந்தவன். அதனால சொல்றேன், எங்க பக்கம் மொதல்ல போனது புள்ளைங்க இல்ல. பெரியாளுங்க போனாங்க, அதுக்குப் பின்னாடிதான் புள்ளைங்க போச்சுங்க.

இலங்கையில சாரணியம், அதாவது இந்த ஸ்கவுட், ஆரம்பிச்சதே மலைநாட்டுலதான்னு எத்தன பேருக்குத் தெரியும்? 1912ல மாத்தளை கிறைஸ்ட் சேர்ச் கொலிஜ்ல எஃப்.ஜி. ஸ்டீவன்ஸ்ங்கிறவர் ஆரம்பிச்சாரு. சாரணியத்த உருவாக்கின பேடன் பவல் இங்கிலாந்துல பிரவுன்ஸீ தீவுல மொத முகாம் போட்டது 1907, அதுக்கப்புறம் அஞ்சே வருசத்துல இங்க வந்துருச்சு. பொம்பளப் புள்ளைங்களோட சாரணியர் இயக்கமும் 1917ல கண்டியில, கேர்ள்ஸ் ஹை ஸ்கூல்லதான் தொடங்கினுச்சு. கொழும்புல இருந்து நமக்கு வந்த ஒண்ணு இல்ல இது, இங்க இருந்து கீழ எறங்கிப் போனது. ஆனா மாத்தளையிலயும் கண்டியிலயும் டவுன் ஸ்கூல்ல பொறந்தது டவுன் ஸ்கூல்லயே நின்னுருச்சு, தோட்டத்து புள்ளைங்க வரைக்கும் அது சரியா ஏறி வரவே இல்லங்கிறது என் மனசுல ரொம்ப நாளா கெடக்குற ஒரு வருத்தம்.

எங்க துருப்பு எப்படி தேஞ்சுச்சுன்னா, மொதல்ல ஸ்கவுட் மாஸ்டரா இருந்த சேருக்கு ட்ரான்ஸ்ஃபர் வந்துச்சு. அவரு போனதோட சாவியும் போச்சு, டெண்டு எங்க இருக்குன்னு யாருக்கும் தெரியல, யாரு எந்த பேட்ஜ் வரைக்கும் முடிச்சிருக்காங்கங்கிற ரெஜிஸ்டரும் அவரு கையெழுத்துலதான் இருந்துச்சு. அடுத்து வந்த டீச்சருக்கு ஏற்கனவே நடனம், தமிழ்த்தினப் போட்டி, விளையாட்டுன்னு பொறுப்பு தலைக்கு மேல. 2020ல கொவிட் வந்து ஸ்கூல் மூடினப்போ நம்ம புள்ளைங்க ஒன்லைன் கிளாசுக்கு சிக்னல் தேடி மலையுச்சிக்கு ஏறிக்கிட்டு இருந்துச்சுங்க, அந்த நேரத்துல ஸ்கவுட் கூட்டத்த யாரு நெனைப்பா. அது முடிஞ்சு மூச்சு விடுறதுக்குள்ள 2022, பெற்றோல் இல்ல, பஸ் இல்ல, மா வெல கேட்டா மயக்கம் வரும். திரும்ப எல்லாம் ஓரளவு சீரானப்போ பேருக்கு ஒரு துருப்பு இருந்துச்சு, அவ்வளவுதான்.

அப்போ நாங்க, பழைய சாரணர் கொஞ்சப் பேரு, ஒரு வேலை செஞ்சோம். புதுசா சேக்குறதுக்கு நோட்டீஸ் அடிக்காம, வராம நின்ன புள்ளைங்க வீட்டுக்குப் போனோம். ஏன் நின்னீங்கன்னு கேட்டோம், அம்மா அப்பாகிட்டயும் கதைச்சோம். போரடிச்சுதுன்னு சொன்ன புள்ள ரொம்பக் கொறைவு. "வந்தோம் சேர், யாருமே வரல, திரும்பிப் போயிட்டோம்", இதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது. பஸ்ஸுக்கு காசு குடுத்து மழையில நனைஞ்சு வந்த புள்ள மூடியிருக்குற கேட்டைப் பாத்துட்டு ரெண்டு தடவ திரும்பிப் போச்சுன்னா மூணாவது தடவ வராது, வரக் கூடாதுதான். அந்த வீடுகள்ல உக்காந்து கேட்டதுல எனக்கு ஒண்ணு தெளிவாச்சு, எத்தன புள்ள சேருதுன்னு மட்டும் எண்ணிக்கிட்டு இருக்குற எடத்துல எண்ணிக்கை கூடாது, எது எந்த மாசத்துல ஏன் நிக்குதுன்னு பாக்கணும்.

அப்படிப் பாத்தா ரெண்டு எடத்துல பெரிய ஓட்டை. ஒண்ணு அஞ்சாம் ஆண்டு, ஸ்கொலசிப் சோதனை. குருளைச் சாரணரா, அதாவது சின்னப் புள்ளைங்க பிரிவுல, இருக்குற புள்ளைய நாலாம் ஆண்டு முடிஞ்சதும் டியூசனுக்காக நிப்பாட்டிருவாங்க, ஆறாம் ஆண்டுல வேற ஸ்கூலுக்குப் போயிட்டா அங்க துருப்பு இருக்கா இல்லையான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. இன்னொண்ணு ஓ லெவல். இதுல பெற்றோரோட சண்டை போட்டு பிரயோசனம் இல்ல, தோட்டத்துல ஒரு குடும்பம் மேல வர்றதுக்கு இருக்குற ஒரே ஏணி படிப்புதான், அதை நாம அசைக்கக் கூடாது. நாங்க என்ன செஞ்சோம்னா பேரை வெட்டல. சோதனை வருசத்துல கூட்டத்துக்கு வர வேணாம், முகாமுக்கு மட்டும் வா, சோதனை முடிஞ்ச வாரம் நாங்களே வந்து கூப்பிடுவோம்னு சொன்னோம். கூப்பிட்டோம், வந்தாங்க. இது ஒரு போன் கோல்ல முடியிற விசயம், ஆனா அந்த போனை எடுக்க ஒரு ஆள் வேணும்.

அடுத்தது எடம். கூட்டம் டவுன்ல, புள்ளைங்க தோட்டத்துல. நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவைன்னு உள்ள இருக்குற தோட்டத்து டிவிசன்ல (பிரிவுல) இருந்து சனிக்கிழமை ஒரு புள்ள ஹட்டனுக்கு வந்துட்டுப் போறதுன்னா பஸ் காசும் வேணும், திரும்பிப் போற கடைசி பஸ்ஸும் கெடைக்கணும், மெயின் ரோட்டுல எறங்கி லயம் (தோட்டத்து வரிசை வீடு) வரைக்கும் நடக்கணும். 2021ல தான் தோட்டத்து நாட்சம்பளம் 1000 ரூபாய்க்கே வந்துச்சு, அது எத்தன வருசப் போராட்டம்னு நமக்குத் தெரியும். அந்தச் சம்பளத்துல ரெண்டு புள்ளைக்கு வாராவாரம் பஸ் காசு குடுங்கன்னு கேக்க முடியுமா. அதனால கூட்டத்த நாங்க தோட்டத்துக்குக் கொண்டு போனோம். கோயில் முன்னாடி, காலையில வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக் களத்துல, மழை பேஞ்சா சின்னப் புள்ளைங்கள பாத்துக்கிற புள்ளமடுவத்துக்குள்ள. மாசத்துக்கு ஒரு தடவ மட்டும் எல்லா அணியும் டவுன் ஸ்கூல் மைதானத்துல ஒண்ணா சேரும். பேடன் பவல் ஆறு இல்லாட்டி எட்டு பேர் கொண்ட சின்ன அணியத்தான் அடிப்படையா வச்சாரு, அணித் தலைவனே தன் அணிய நடத்தணும்னு. நம்ம ஆளுங்க அதைப் புத்தகத்துல வச்சுட்டு நாப்பது பேரை வரிசையில நிக்க வச்சு விசில் ஊதுறாங்க. ஒரு டிவிசன்ல ஒரு அணி, அந்த அணிக்கு அந்த லயத்துலயே இருக்குற ஒரு பெரிய புள்ள தலைவன், இது தோட்டத்துக்கு அளவெடுத்து தைச்ச சட்டை மாதிரி பொருந்துது.

பிரவுன்ஸீ முகாமுக்கு வந்த புள்ளைங்கள்ல பணக்கார ஸ்கூல் புள்ளைங்களும் இருந்தாங்க, தொழிலாளி வீட்டுப் புள்ளைங்களும் இருந்தாங்க, பேடன் பவல் வேணும்னேதான் அப்படிக் கலந்தாரு. அதனால மாசாந்தக் கூட்டத்த எந்தக் காரணம் கொண்டும் விடக் கூடாதுன்னு நான் பிடிவாதமா நிப்பேன். கடைக்காரர் வீட்டுப் புள்ளையும் லயத்துப் புள்ளையும் ஒரே பானையில சோறு வடிக்கணும்.

இதுல இன்னொன்னையும் கவனிச்சோம். நெருப்பு மூட்டுறது, வெளிய சமைக்கிறது, கத்தி பிடிக்கிறது, வெறகு கட்டுறது, சரிவுல பாதை பாத்து நடக்குறது இதெல்லாம் நம்ம புள்ளைங்களுக்கு ஏற்கனவே தெரியும். ஈர வெறக வச்சு தீ மூட்டுறத எங்க புள்ளைங்ககிட்ட இருந்து டவுன் ஸ்கவுட்டுங்க கத்துக்கணும். ஆனா அதைப் பாத்து, சரி நீ பாஸ்னு ஒரு கையெழுத்துப் போட யாரும் இல்லாததால அந்தப் புள்ளைங்க அங்கத்துவச் சின்னத்தோடயே நின்னுருவாங்க. நாங்க மொத மாசத்துலயே அவங்களுக்குத் தெரிஞ்சத சோதிச்சு கையெழுத்துப் போட்டோம். தனக்குத் தெரிஞ்ச வேலைக்கு ஒரு மதிப்பு இருக்குன்னு ஒரு புள்ள மொத தடவையா உணர்றப்போ அது முகத்த நீங்க பாக்கணும். வராதது நீச்சல். காசல்ரீ, மவுஸாக்கலைன்னு பெரிய பெரிய நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்துல வாழ்றோம், நீந்தத் தெரிஞ்ச புள்ள ரொம்ப ரொம்பக் கொறைவு. இதுக்கு இன்னும் எங்ககிட்ட வழி இல்ல.

பெற்றோர் மனசு மாறினது முதலுதவியாலதான். கொழுந்து மலையில குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போறது நம்ம பக்கம் மாசா மாசம் நடக்குது, உசுரு போனதும் உண்டு. அதனால முதலுதவிப் பாடத்த நாங்க குளவியில இருந்து ஆரம்பிச்சோம். கொட்டினவங்கள அந்த எடத்துல இருந்து தூரமா கூட்டிட்டுப் போறது, கை வீங்குறதுக்கு முன்னாடி வளையல் மோதிரத்த கழட்டுறது, ஈரத்துணி வைக்கிறது, மூஞ்சி நாக்கு வீங்குதா மூச்சு வாங்குதான்னு பாத்துக்கிட்டே இருக்குறது, நெறைய எடத்துல கொட்டியிருந்தா சுண்ணாம்பு தடவிக்கிட்டு நேரத்த கடத்தாம உடனே வண்டி பிடிக்கிறது. புள்ள வீட்டுக்குப் போயி அம்மாகிட்ட இதைச் சொல்லும், அம்மா மறுநாள் மலையில மத்தவங்ககிட்ட சொல்லும். அடுத்த சனிக்கிழமை என் புள்ளையையும் சேத்துக்குங்க சேர்னு மூணு நாலு அம்மாமார் கொழுந்துக் கூடையோடயே வந்து நின்னாங்க. எந்த நோட்டீசும் இதைச் செஞ்சிருக்காது.

அப்புறம் மழைமானி. இதைக் கொஞ்சம் விவரமா எழுதுறேன், ஏன்னா வேற துருப்புக்காரங்க யாரும் செய்யணும்னு நெனைச்சா செய்யலாம், செலவே இல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில கொஸ்லந்தை மீரியபெத்தையில லயம் லயமா மண்ணுக்குள்ள போனத மறந்திருக்க மாட்டோம். 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் வந்தப்போ மலைநாடு பூராவும் சரிஞ்சுச்சு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு ஒரு அளவு சொல்லியிருக்கு, 24 மணித்தியாலத்துக்குள்ள 75 மில்லிமீற்றர் மழை பேஞ்சா கவனமா இருக்கணும், 100 தாண்டினா வெளியேற ரெடியா இருக்கணும், 150 தாண்டினா இல்லாட்டி ஒரே மணித்தியாலத்துல 75 பேஞ்சா எடத்த விட்டு வெளியேறணும். ரேடியோவுல இந்தக் கணக்கெல்லாம் சொல்றாங்க, ஆனா நம்ம லயத்துக்கு மேல எத்தன மில்லிமீற்றர் பேஞ்சுச்சுன்னு யாருக்குத் தெரியும்? நுவரெலியாவுல பேஞ்ச மழை வேற, பக்கத்து மலைக்கு இந்தப் பக்கம் பேஞ்ச மழை வேற.

ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தல் எடுங்க, பக்கம் நேரா இருக்கணும், நடுவுல இடுப்பு சிறுத்தது சரிவராது. மேல் பகுதிய வெட்டி தலைகீழா உள்ள வச்சா புனல். அடியில மேடு பள்ளமா இருக்கும், அதுல கொஞ்சம் கூழாங்கல்லப் போட்டு, பக்கம் நேராகுற எடம் வரைக்கும் தண்ணி ஊத்தி அந்த எடத்துல கோடு போட்டா அது பூச்சியம். அங்க இருந்து ரூலர் வச்சு அளந்து 75ல மஞ்சள், 100ல செம்மஞ்சள், 150ல சிவப்பு. மரத்துக்கும் கூரைக்கும் தள்ளி வெட்டவெளியில ஒரு கம்புல கட்டணும். தெனமும் காலையில ஒரே நேரத்துல பாத்து எழுதிட்டு தண்ணிய பூச்சியக் கோட்டுக்குக் கொண்டு வரணும். எங்க அணிங்க ஒவ்வொண்ணும் ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி எழுதுது, கொப்பி அணித் தலைவன்கிட்ட, பெரிய மழை நாள்ல அந்தக் கணக்கு வட்ஸ்அப்ல எல்லாருக்கும் போகும், பெரியாளுங்க மணிக்கு ஒரு தடவ பாக்குறாங்க. சுவர்ல வெடிப்பு வருதா, மரம் சாஞ்சு நிக்குதா, ஊத்துத் தண்ணி திடீர்னு கலங்குதா இல்ல நிக்குதா, இதையும் புள்ளைங்க பாத்து சொல்லப் பழகியிருக்கு. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தோட 117 எல்லாருக்கும் மனப்பாடம். இரவுல வெளிய ஓடிப் போயி பாக்குறது புள்ளைங்க வேலை இல்லங்கிறதையும் கண்டிப்பா சொல்லியிருக்கோம், அது பெரியாளுங்க பொறுப்பு.

இது வந்ததுக்கப்புறம் தோட்டத்துல ஸ்கவுட்டப் பாக்குற பார்வையே மாறிருச்சு. தலைவர்மாரு, கோயில் கமிட்டி, தொரைமாரு (தோட்ட மேனேஜருங்க) கூட மழைக் கணக்க கேக்க ஆரம்பிச்சாங்க. பதிமூணு வயசுப் பையன்கிட்ட வயசுக்கு மூத்தவங்க வந்து "தம்பி, நேத்து எவ்வளவு"ன்னு கேக்குறாங்க. அந்தப் பையன் ஸ்கவுட்ட விட்டுட்டுப் போவானா?

வேலை வாரம் பத்தியும் சொல்லணும். ஸ்கவுட்டுங்க வீடு வீடா போயி சின்னச் சின்ன வேலை செஞ்சு காசு சேக்குறது, நல்ல பழக்கம்தான், உழைப்ப மதிக்கச் சொல்லிக் குடுக்குறது. ஆனா நம்ம மக்கள்கிட்ட அதைச் சொல்றப்போ அம்மாமாரு முகம் சுருங்கிருச்சு. என் புள்ள அடுத்த வீட்டுல வேலை செய்யக் கூடாதுன்னுதானே நான் மலை ஏறுறேன்னு ஒரு அம்மா கேட்டாங்க. கொழும்பு பங்களாவுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட புள்ளைங்க கதை ஒவ்வொரு லயத்துலயும் இருக்கு, அந்த வலியத் தெரிஞ்சுக்காம புத்தகத்துல இருக்குற மாதிரியே செய்யுன்னு சொல்றது தப்பு. நாங்க அந்த அம்மாமாரையே உக்கார வச்சு கேட்டோம், அவங்களே வழி சொன்னாங்க. புள்ளைங்க லீக்ஸ், கோவா நாத்துப் போட்டு விக்கிறது, கோயில் திருவிழாவுக்கு வளவு சுத்தம் பண்றது, அதுக்கு கமிட்டி ஒரு தொகை குடுக்குறது. வேலையும் இருக்கு, மரியாதையும் இருக்கு.

யூனிபோம் விசயம் சுருக்கமா. முழு செட் வாங்கினாத்தான் வரலாம்னு ஒருக்காலும் சொல்லக் கூடாது. மொதல்ல ஸ்காஃப் மட்டும், மத்தது பெரிய புள்ளைங்க வளந்து விட்டது துருப்புல சேத்து வச்சு மாறி மாறி குடுக்குறது. பேட்ஜ் விபரம், சுற்றறிக்கை எல்லாம் நமக்குத் தமிழ்ல கைக்கு வர தாமதம் ஆகுது, ஏ எல் படிக்கிற பெரிய புள்ளைங்கள வச்சு நாங்களே எழுதி பொட்டோகொப்பி அடிச்சுக்கிறோம்.

இப்போ பெரியாளுங்க. இங்கிலாந்துல, சாரணியம் பொறந்த நாட்டுல, கொவிட் நேரத்துல அவங்களுக்கும் எண்ணிக்கை பயங்கரமா விழுந்துச்சு. அப்புறம் ஏறுச்சு, 2021ல நாலு அஞ்சு வயசுப் புள்ளைங்களுக்குன்னு அணில்னு ஒரு பிரிவு கூட தொடங்கினாங்க. ஆனா அங்க லட்சத்துக்கு மேல புள்ளைங்க சேர எடம் இல்லாம காத்துக்கிட்டு நின்னாங்க, காரணம் நடத்துறதுக்கு தொண்டர் பத்தல. புள்ள கெடைக்காத பிரச்சினை இல்ல அது, ஆள் கெடைக்காத பிரச்சினை. அதைப் படிச்சப்போ நம்ம மலையில நடக்குறதும் அதேதான்னு எனக்குப் பட்டுச்சு.

ஆளத் தேடுறப்போ பொதுவா கூட்டத்துல எந்திரிச்சு "யாராவது முன்வாங்க"ன்னு கேட்டா யாரும் வர மாட்டாங்க. நேர்ல போயி, உங்களால இதைச் செய்ய முடியும், மாசத்துல ஒரு சனிக்கிழமை போதும்னு சொல்லணும். ஸ்கவுட் மாஸ்டர்ங்கிற முழுப் பாரத்தையும் ஒருத்தர் தலையில வைக்கிறதாலதான் அடுத்த ஆள் பயந்து ஓடுறாங்க. எங்ககிட்ட இப்போ பழைய சாரணரா இருந்து த்ரீவீல் ஓட்டுற அண்ணன் ஒருத்தரு முகாமுக்கு சாமான் ஏத்துற பொறுப்பு மட்டும், புள்ளமடுவத்து அக்கா வரவு எழுதி வராத புள்ள வீட்டுக்கு போன் எடுக்குற பொறுப்பு மட்டும், தபால் கந்தோர்ல இருந்து பென்சன் போன ஐயா காசுக் கணக்கு மட்டும். ட்ரான்ஸ்ஃபர் வந்தா போற ஆசிரியர் கையில எல்லாம் இருக்கக் கூடாது. சாவி ரெண்டு பேருகிட்ட, ரெஜிஸ்டர் ரெண்டு கொப்பி.

ஏ எல் எழுதிட்டு கம்பஸுக்குக் காத்துக்கிட்டு இருக்குற பெரிய புள்ளைங்க இன்னொரு புதையல். ரிசல்ட் வந்து, வெட்டுப்புள்ளி வந்து, கம்பஸ் தொடங்குறதுக்கு வருசக் கணக்குல ஆகுது, அந்த இடைவெளியில நிறைய பேரு கொழும்புல கடைக்குப் போயிருவாங்க, போகாதவங்க லயத்துல சும்மா இருக்குறத பாத்து பெத்தவங்க மனசு நோகும். திரிசாரணர், அதாவது மூத்த சாரணர், வயசு அது. அணிய அவங்க கையில குடுத்துப் பாருங்க, நாம நெனைக்கிறத விட நல்லா நடத்துறாங்க, புள்ளைங்களுக்கும் இருவது வயசு அண்ணன் அக்கா சொல்றது நாம சொல்றதை விட நல்லா ஏறுது.

ஒரு விசயத்துல மட்டும் எந்தத் தளர்வும் கெடையாது. எந்தப் பெரியாளும் எந்தப் புள்ளையோடயும் தனியா இருக்கக் கூடாது, கூட்டம்னாலும் முகாம்னாலும் குறைஞ்சது ரெண்டு பெரியவங்க, பொம்பளப் புள்ளைங்க வந்தா ஒரு பெண் கட்டாயம். ரெண்டாவது ஆள் வரலன்னா கூட்டம் அன்னைக்குப் பெற்றோர் முன்னாடிதான் நடக்கும். இதை அம்மாமாருக்கு முன்னாடியே சொல்லிடணும், அப்பத்தான் நம்பி அனுப்புவாங்க.

இப்போதைக்கு எங்களுக்கு அவசரமா ரெண்டு பேரு வேணும். குருளைச் சாரணருக்கு ஒரு டீச்சரோ அக்காவோ, ஏழுல இருந்து பத்து வயசுப் புள்ளைங்களோட பொறுமையா இருக்கக் கூடியவங்க, சாரணியம் தெரிஞ்சிருக்கணும்னு இல்ல, பயிற்சிக்கு நாங்க அனுப்புறோம். அடுத்தது நீச்சல் சொல்லிக் குடுக்கவும் உயிர்காப்பு தெரிஞ்சும் இருக்குற ஒருத்தர், கடற்படையிலயோ ஹோட்டல்லயோ வேலை செஞ்சு வந்தவங்க ஹட்டன், டிக்கோயா, நோர்வூட் பக்கம் யாராவது இருப்பாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா அவங்ககிட்ட நேர்ல சொல்லுங்க, சனிக்கிழமை பின்னேரம் மூணு மணிக்கு டியூசன் விட்டதும் புள்ளைங்க பிரட்டுக் களத்துல சேருவாங்க, மொத நாள் சும்மா வந்து பாத்துட்டுப் போனாலும் போதும்.